பொன்னியின் செல்வன்: முதலில் புத்தகமா, படமா?

அக்கா மகள் புனேயில் படிக்கிறாள். வயது பதிமூன்று. மே மாத விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பெட்டியை இறக்கி வைத்த அன்றே கேட்டுவிட்டாள்: "சித்தி, பொன்னியின் செல்வன் ரெண்டு பார்ட்டையும் இன்னிக்கே பார்த்துடலாமா?" பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். தமிழ்நாட்டுக்காரி நீ இன்னும் பார்க்கவில்லையா என்று கேட்டுக் கேலி செய்திருக்கிறார்கள்.

அவளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். படிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஒரு பக்கத்தை முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் சலிப்பு வந்துவிடும். அதனால் "முதலில் புத்தகத்தைப் படி" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போக முடியாது. படத்தைப் போட்டுக் காட்டலாம். ஐந்து பாகத்தையும் கையில் கொடுக்கலாம். ஆடியோ புத்தகத்தைக் கேட்கவைக்கலாம். சுருக்கப் பதிப்போ படக்கதையோ வாங்கித் தரலாம். இதில் எது என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இதே கேள்வியைப் பெரியவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால், யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இந்த நாவலைப் படித்தது கடையில் வாங்கிய புத்தகத்தில் இல்லை. பாட்டி வாராவாரம் கல்கி இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பில். அத்தியாயத்துக்கு நடுவே தலைவலித் தைல விளம்பரம் வரும், பாதி வெட்டுப்பட்ட ஒரு சிரிப்புத் துணுக்கு வரும், மணியம் வரைந்த படங்கள் வரும். சோழ இளவரசி குந்தவையின் கொண்டை எப்படி இருக்கும், கதை முழுக்க நாம் கூடவே போகிற வீரன் வந்தியத்தேவன் குதிரை மேல் எப்படி உட்காருவான் என்பதெல்லாம் எனக்கு அந்தப் படங்களிலிருந்து வந்தவை. அதனால் 2022இல் முன்னோட்டம் வெளியானபோது என் மனசு ஒட்டவில்லை. குதிரைப் படை, தீ அம்பு, கோட்டை, பட்டு, நகை, புழுதி. எல்லாமே பெரிதாக இருந்தன. நான் படித்த கதையில் பாதிக்கு மேல் இருட்டில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்கிற காட்சிகள்தான். அவற்றில் ஒன்றைக்கூட அந்த முன்னோட்டத்தில் காணோம்.

சினிமா என்றாலே ஆகாது என்ற எண்ணம் எனக்கு இல்லை. நாவலை எழுதிய கல்கிக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்ததில்லை. 1939இல் வந்த தியாகபூமி அவர் எழுதிய கதை. ஆனந்த விகடனில் அது தொடராக வந்தபோது சித்திரத்துக்குப் பதிலாக அந்தப் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். மீரா படத்துக்கு எழுதியதும் அவர்தான். பார்த்திபன் கனவு 1960இல் படமாக வந்தது. பொன்னியின் செல்வனைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958இலேயே முயன்றார், அது நடக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் பலர் ஆசைப்பட்டு நிறைவேறாத ஒன்றை மணிரத்னம் முடித்துக் காட்டினார் என்பது பெரிய காரியம்.

சரி, கணக்கைப் பார்ப்போம். நாவல் ஐந்து பாகம்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். மொத்தம் 293 அத்தியாயம். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. படத்தின் இரண்டு பாகங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. ஆகவே படத்தில் வெட்டியிருக்கிறார்களே என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை, வெட்டாமல் எடுக்கவே முடியாது. எதை வெட்டினார்கள், வெட்டியதால் கதை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

படத்தில் எனக்குப் பிடித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கார்த்தியின் வந்தியத்தேவன் நாவலிலிருந்து நேராக எழுந்து வந்தவன். வாய்த்துடுக்கு, பசி, பெண்களைக் கண்டால் வரும் தடுமாற்றம், மாட்டிக்கொண்டால் உடனே பிறக்கும் பொய், எல்லாம் இருக்கிறது. குந்தவையும், சோழநாட்டு நிதி அதிகாரி பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிற இடத்தில் திரிஷாவும் ஐஸ்வர்யா ராயும் அதிகம் பேசுவதே இல்லை, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ரவி வர்மனின் ஒளிப்பதிவுக்கும் ரஹ்மானின் பின்னணி இசைக்கும் தேசிய விருது கிடைத்தது முற்றிலும் தகும். திரைக்கதையில் பங்கெடுத்த இளங்கோ குமரவேல், 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழுவுக்காக இதே நாவலை மேடை நாடகமாக எழுதியவர். கதையின் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் சேர்ந்து எடுத்த படம் அது. மோசமான படம் என்று நான் சொல்ல வரவில்லை. முதன்முதலாக இந்தக் கதைக்குள் போகிறவளுக்கு அது சரியான வாசல்தானா என்பதில்தான் என் சந்தேகம்.

நாவல் எப்படி ஆரம்பிக்கிறது? ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரி. இன்று வீராணம் என்கிறோமே, சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறதே, அதே ஏரிதான். புது வெள்ளம் வந்திருக்கிறது. எழுபத்து நான்கு கணவாய், அதாவது மதகு வழியாகவும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. கரையில் பெண்கள் புதுத் துணி உடுத்திக் கும்மியடிக்கிறார்கள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கூட்டாஞ்சோறு சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் தென்னங்குருத்துச் சப்பரத்தை வெள்ளத்தில் விடுகிறார்கள். களைத்துப் போன குதிரையில் ஓர் இளைஞன் மெதுவாக வருகிறான், அவன்தான் வந்தியத்தேவன். அவனுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. சோழநாட்டு அரசியலும் பிடிபடவில்லை. அப்போது பழுவேட்டரையரின் ஓடங்கள் வருகின்றன, கட்டியங்காரன் கூவுகிறான், காவலர்கள் கரையில் இருந்த ஜனங்களை விரட்டுகிறார்கள். சற்று முன்வரை சந்தோஷமாக இருந்த கூட்டம் ஒதுங்கி நிற்கிறது. இளைஞனுக்குக் கோபம் வருகிறது. அதிகாரம் என்றால் என்ன என்பதை இப்படி ஒரு திருவிழாக் கரையில் வைத்துக் காட்டிவிடுகிறார் கல்கி. அரண்மனைக்குள் இன்னும் காலடி எடுத்து வைக்கவே இல்லை.

படம் போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது. இராஷ்டிரகூடர்களோடு சண்டை. விக்ரமின் ஆதித்த கரிகாலன், சோழப் பட்டத்து இளவரசன், புயல்போல் நுழைகிறான். வந்தியத்தேவன் அவன் பக்கத்தில் இருக்கிறான். பிறகு ஓலை, பயணம், "பொன்னி நதி" பாட்டு. நல்ல பாட்டு, நான் இன்றும் கேட்கிறேன். ஆனால் நாவலில் வாசகர் கரிகாலனை நேரில் பார்ப்பது முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில்தான். அதுவரை அவனைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்கிறோம். கோபக்காரன் என்கிறார்கள், பாண்டியன் தலையைக் கொண்டவன் என்கிறார்கள், காஞ்சியில் பொன்மாளிகை கட்டுகிறான் என்கிறார்கள். ஐம்பது அத்தியாயத்துக்குப் பயமும் ஆவலுமாகக் காத்திருந்து, பிறகு மாமல்லபுரத்தில் அவனைச் சந்திக்கிறோம். கதையின் தலைப்பில் இருக்கிற பொன்னியின் செல்வன், அதாவது கரிகாலனின் தம்பி, பின்னாளில் இராஜராஜனான அருள்மொழிவர்மனோடு நேரில் பழக இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், இரண்டாம் பாகத்தில் இலங்கைக்குப் போனால்தான் கிடைப்பான்.

இது சின்ன வேறுபாடு இல்லை. நாவலில் நமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வந்தியத்தேவனுக்கும் தெரியும். கடம்பூர் மாளிகையில் மூடுபல்லக்கைப் பார்த்து, உள்ளே இருப்பது பெண் என்று அவன் நினைத்தால் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். நடுராத்திரியில் அந்தப் பல்லக்கிலிருந்து வேறொருவர் இறங்கும்போது அவனோடு சேர்ந்து நாமும் திகைக்கிறோம். படம் ஆரம்பத்திலேயே நம்மை அவனைவிட உயரமான இடத்தில் உட்காரவைத்துவிடுகிறது. கோட்டை கொத்தளம் எல்லாம் மேலிருந்து தெரிகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிதெரியாமல் தடவித் தடவிப் போகிற அந்தச் சுகம் போய்விடுகிறது. அந்தச் சுகம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவருக்குப் பல்லக்கில் யார் என்பது முதலிலேயே தெரிந்திருக்கும். புத்தகத்தைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போகிறவர் இழப்பது ஒன்றுமில்லை. புத்தகத்தை முதலில் வைத்ததற்கு எனக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் சின்ன மனிதர்கள். நாவலை மூடி வைத்துவிட்டு யோசித்தால் ராஜா ராணிகளுக்குச் சமமாக எனக்கு ஞாபகம் வருகிறவர்கள் குடந்தை சோதிடர், தஞ்சையில் பூக்கட்டிச் சிவனுக்குக் கைங்கரியம் செய்யும் சேந்தன் அமுதன், வாய் பேசாத அவன் அம்மா, கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்துக் குடும்பம், வைத்தியர் வீட்டுப் பிள்ளை பினாகபாணி. சாம்ராஜ்யத்தின் தலையெழுத்து இவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் தீர்மானமாகிறது. கதையின் முடிவு தெரியாதவர்களுக்காக அதிகம் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறேன். சேந்தன் அமுதன் மேல் நாவல் ஏற்றி வைத்திருக்கிற பாரம் படத்தில் இல்லை. அந்த முடிச்சையே எடுத்துவிட்டார்கள். கடம்பூர் மணிமேகலை என்ற பெண் படத்தில் கிடையவே கிடையாது. நாவலின் கடைசிப் பக்கங்களில் என் பாட்டி அழுதது அவளுக்காகத்தான்.

பூங்குழலியை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஐஸ்வர்யா லட்சுமி அழகாகத் துடுப்புப் போடுகிறார், அலைகடல் பாட்டு காதிலேயே நிற்கிறது. நாவலின் பூங்குழலி வேறு மாதிரி. கோடிக்கரைக் காட்டில் வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். அவளுக்கு ஒவ்வொரு அடி நிலமும் தெரியும், அவனுக்குத் தெரியாது. சேற்றுப் பள்ளத்தில் அவன் கால் புதைகிறது, முழங்கால், தொடை, இடுப்பு என்று இறங்கிக்கொண்டே போகிறான். அவள்தான் வந்து இழுத்துப் போடுகிறாள். அன்று ராத்திரி சதுப்பு நிலத்தில் குப்குப்பென்று எரிந்து அணைகிற கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். படிக்கும்போது எனக்கு முதுகு சில்லிட்டது. அரசகுமாரனை மனசில் வைத்துக்கொண்டு அதை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு படகுக்காரப் பெண் எங்கே போய் நிற்பாள் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா? பிரம்மாண்டத்துக்குச் செலவு செய்யும் படத்தில் முதலில் காணாமல் போவது இப்படிப்பட்ட சேறுதான். கோட்டைக்கு நேரம் கொடுக்க வேண்டுமானால் சேற்றுப் பள்ளத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கோட்டை என்றதும் இன்னொன்று. படத்தில் நாம் பார்க்கிற சில அரண்மனைகள் மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் எடுத்தவை. சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வடக்கே கட்டியவை. வேறு வழியில்லை என்பது எனக்குப் புரிகிறது. சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை, சோழர் தலைநகராக இருந்த பழையாறைக்குப் போனால் கோயில்களும் வயல்களும்தான் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலோ கதை நடக்கும்போது கட்டப்படவே இல்லை. ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளை இதை முதலில் பார்த்தால் அவள் மனசில் பழையாறை என்றால் ஓர்ச்சாதான் என்று பதிந்துவிடும். பிறகு கல்கி எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அதை அசைக்க முடியாது. மணியத்தின் கோட்டோவியம் வேறு மாதிரி வேலை செய்கிறது. கொண்டையையும் கண்ணையும் கொடுத்துவிட்டு மிச்ச இடத்தை நமக்கு விட்டுவிடுகிறது.

மூன்றாவது காரணம் கதையின் மையத்தில் இருக்கிற ஆதித்த கரிகாலனின் கொலை. இதில் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. காட்டுமன்னார்கோயிலில், அதாவது வீராணம் ஏரியின் தென்கோடியில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலம் கைமாறிய விவரத்தைக் கூறுகிறது. பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. பின்னால் யார் இருந்தார்கள் என்பதும் இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, இராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், மற்றவர்கள் அதை மறுத்தார்கள். சர்ச்சை இன்றும் ஓயவில்லை. கல்கி இந்தக் கல்லுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் கதையைத் தொடங்கியதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். கல்வெட்டின் மௌனத்தை அவர் உடைக்கவில்லை. கொலை நடக்கும் அறையில் விளக்கை அணைத்துவிடுகிறார். யார் கை என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி எழுதுகிறார். என் வீட்டில் பாட்டி ஒருவரைச் சொல்வார், அம்மா இன்னொருவரைச் சொல்வார், சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடக்கும்.

படம் அந்த இருட்டைச் சுருக்கி, கரிகாலன் நந்தினி இருவருக்குள் பிறந்து அங்கேயே முடிகிற காதல் கதையாக அதை நெருக்கமாக்குகிறது. இரண்டாம் பாகம் அவர்களுடைய இளவயதுக் காதலில் ஆரம்பிப்பதே அதற்காகத்தான். தனியாகப் பார்த்தால் அது வலுவான முடிவு. அந்தக் காட்சியில் நான் கலங்கினேன் என்பதும் உண்மை. ஆனால் ஊர் முழுக்கச் சந்தேகத்துக்குள்ளாகி, குற்றமில்லாதவன் மேல் பழி விழுந்து, ஒவ்வொருவரும் தன்னால்தானோ என்று உள்ளுக்குள் வேகிற அந்த நீண்ட ஐந்தாம் பாகம், 91 அத்தியாயம், படத்தில் நமக்குக் கிடைக்காது. அதற்குப் பதிலாகக் கடைசியில் இராஷ்டிரகூடர்களோடு இன்னொரு பெரிய போர் வருகிறது. நாவலில் இல்லாத போர். திரை நிறையப் படை வேண்டும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தில் மூடி வைப்பாள். அதனால் ஆடியோவைப் பற்றி யோசித்தேன். 1999இல் கல்கியின் எழுத்து அரசுடைமை ஆகிவிட்டதால் இந்த நாவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பலர் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பாம்பே கண்ணன் பல குரல்களை வைத்து நாடகம் மாதிரி வெளியிட்டதும் உண்டு. கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கும், தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கும் ஆடியோவைவிட நல்ல வழி இல்லை. கல்கியின் நடை காதுக்காக எழுதினது மாதிரியே இருக்கும். நேயர்களே என்று நம்மைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறவர் அவர். படத்தில் இந்தக் குரல் வராது. தொடக்கத்தில் கமல்ஹாசன் கொஞ்சம் பேசி அறிமுகம் செய்கிறார், அதோடு சரி. ஆடியோவில் ஒரே குறை, பெயர்கள். ஒரு பழுவேட்டரையர் பெரியவர், ஒருவர் சின்னவர், வேளார் ஒருவர், மலையமான் ஒருவர், சம்புவரையர் ஒருவர். எழுத்தில் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் புதியவர்களுக்குக் குழம்பும்.

சுருக்கப் பதிப்பை நான் உடனே ஒதுக்கிவிட்டேன். கதைச் சுருக்கம்தான் வேண்டுமென்றால் படமே மேல், அதில் இசையாவது இருக்கிறது. படக்கதையாக வந்திருப்பது சின்னப் பிள்ளைகளுக்கு, எட்டு ஒன்பது வயதுக்கு, பொருந்தும். ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. தமிழ் எழுத்தே தெரியாதவருக்கு அவை உதவும். தட்டுத் தடுமாறியாவது படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் நான் எடுத்த முடிவு இது. நான் உரக்கப் படிப்பது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது. முதல் பாகம் 57 அத்தியாயம். ஒரு நாளைக்கு இரண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு மாதத்தில் புது வெள்ளம் முடிந்துவிடும். இரண்டாம் பாகத்தை அவள் புனேக்குப் போய், ஆடியோவைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். அதன் பிறகு படத்தின் முதல் பாகத்தைப் பார்க்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம், ஏனென்றால் முதல் படம் ஏறக்குறைய சுழற்காற்றின் முடிவில், நடுக்கடலில் கப்பல் முழுகுகிற இடத்தில் போய் நிற்கிறது. படத்தின் இரண்டாம் பாகத்தை ஐந்தாம் பாகம் முடிந்த பிறகு பார்த்தால் போதும். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன்.

எல்லாருக்கும் இதே வரிசை என்று சொல்லமாட்டேன். சரளமாகத் தமிழ் படிக்கிறவர் யோசிக்கவே வேண்டாம், புத்தகம்தான். அரசுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, விலையும் மலிவு. ஆனால் கண்டபடி அச்சுப் பிழை உள்ள பதிப்புகளும் இருக்கின்றன, அதனால் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய சித்திரங்கள் போட்ட பதிப்பு கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்கலாம். இரண்டாயிரம் பக்கம் என்னால் ஆகாது, வாழ்க்கையில் நேரம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் படத்தைத் தாராளமாகப் பாருங்கள். நல்ல திரையில், நல்ல ஒலியில் பாருங்கள். பிறகு என்றாவது முதல் பத்து அத்தியாயத்தை மட்டும் திறந்து பாருங்கள், அது போதும். வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறீர்கள், பாதிப் பேர் படித்தவர்கள், பாதிப் பேர் படிக்காதவர்கள் என்றாலும் படம்தான். படித்தவர்கள் நடுநடுவே நிறுத்திப் "புத்தகத்தில் இப்படி இல்லை" என்று சொல்லாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும். நான் திரையரங்கில் அதைச் செய்து பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் ராத்திரி அவள் முகம் தொங்கித்தான் போயிருந்தது. ஏரி, தண்ணீர், கும்மி எல்லாம் அவளுக்கு மெதுவாக இருந்தன. கணவாய் என்றால் என்ன, ஆடிப் பதினெட்டு எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் வந்தான். குட்டையாக, குண்டாக, முன்குடுமியோடு, கையில் தடி. ஏரிக்கரையில் வீரசைவரோடு ஒரு சண்டை, அத்வைதியோடு ஒரு சண்டை. எல்லாமே பிரம்மம் என்றால் நானும் பிரம்மம், நீயும் பிரம்மம், இந்தத் தடியும் பிரம்மம், பிரம்மத்தால் பிரம்மத்தைப் பிரம்மம் அடிக்கப் போகிறது என்று தடியை ஓங்குகிறானே, அந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "திரும்பப் படிங்க சித்தி" என்றாள். திரும்பப் படித்தேன். மறுநாள் காலையில் தோசைக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மாமாவிடம் அதையே சொல்லிக் காட்டினாள்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டோம். வந்தியத்தேவன் பழுவேட்டரையர் மாளிகையின் நிலவறையில், இருட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். வார்த்தைகளைத் தட்டுத் தடுமாறியாவது அவளே முதலில் வாசித்து விடுகிறாள், நான் பின்னால்தான் போகிறேன். நாளை மறுநாள் ரயில். மிச்ச அத்தியாயங்களை இரண்டு ராத்திரியில் முடிக்க முடியாது என்று சொன்னேன். பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு சுடிதாரை எடுத்து வெளியே வைத்தாள். அந்த இடத்தில் முதல் இரண்டு பாகத்தையும் வைத்து மூடினாள்.